கண்ணயர்ந்தவன்

விடிந்தது வெளியேதான். அந்த அறைக்கு ஜன்னல் இல்லை. ஏசியின் உறைகுளிரில் தோள் விறைத்துப்போய் உட்கார்ந்து, அங்கே எல்லாரும் அக்கா என்று கூப்பிடும் அவள் திரையில் எழும் எச்சரிக்கைகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துத் தள்ளிக்கொண்டிருந்தாள். ஊரார் கம்ப்யூட்டர்களுக்குள் திருடன் நுழைகிறானா என்று இரவு பகலாகக் காவல் காப்பதுதான் அங்கே வேலை. முக்கால்வாசி பொய்யெச்சரிக்கை. ஆனாலும் பார்க்காமல் விட முடியாது. கண் எரிவதுகூட இப்போதெல்லாம் அவளுக்கு உறைப்பதில்லை.

முதலாளி பாதிப்பேரை வீட்டுக்கு அனுப்பியதிலிருந்து மிச்சமிருந்தவர்கள் தலையில் இரட்டைச் சுமை. பகல் ஷிப்டு முடித்த கையோடு இரவுக்கும் உட்காரவைக்கப்பட்ட நெட்டை, பக்கத்து மேசையில் தலை கவிழ்ந்து கிடந்தான். எழுப்பப் போனவள் அவன் திரையைப் பார்த்தாள். மேலிருந்து கீழ்வரை சிவப்பு. ஒரு ஆஸ்பத்திரி. திருடர்கள் உள்ளே புகுந்து நோயாளிகளின் விவரங்களையெல்லாம் பூட்டிக்கொண்டிருந்தார்கள்.

அவள் பதறவில்லை. பதற உடம்பில் தெம்பில்லை. ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள்.

"நெட்வொர்க் வயரையெல்லாம் புடுங்குங்க. மெஷினை அணைச்சிடாதீங்க."

"யாரைக் கேட்டுப் புடுங்கறது? பெரிய டாக்டர் போனை எடுக்கலியே!" மறுமுனையில் நர்ஸம்மா அழுதாள்.

"நான் சொன்னேன்னு புடுங்குங்கம்மா."

பாதி ஆஸ்பத்திரி தப்பியது. பாதி போய்விட்டது.

முதலாளி சட்டைப் பித்தானைக்கூட சரியாகப் போடாமல் ஓடி வந்தார்.

"யாரு பாத்துக்கிட்டிருந்தது?"

"நான்தான் சார்," என்றான் அதற்குள் விழித்து எழுந்திருந்த நெட்டை.

"பையைத் தூக்கிட்டு கெளம்பு. ஏம்மா, ஒருத்தன் தூங்கிட்டான், அவனை வேலையை விட்டே எடுத்தாச்சுன்னு நீயே ஆஸ்பத்திரிக்குச் சொல்லிடு. அதோட முடிஞ்சுது."

"சொல்லமாட்டேன் சார்."

அவள் குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது. அதில் கோபம்கூட இல்லை.

"இப்படி ஒண்ணு நடந்தா யாரு என்ன செய்யணும்னு அவங்களோட சேந்து ஒத்திகை பாக்கணும்னு கேட்டுக் கேட்டு எங்க வாய் வலிச்சுது. 'அவங்களே கேக்கல, நமக்கென்ன'ன்னீங்க. ஆளைக் கொறைக்காதீங்கன்னோம். காதுலயே போட்டுக்கல. ஒரு மனுசனுக்கு ரெண்டு கண்ணுதான் சார்."

"நீயும் கெளம்பணுமா?"

யாரோடும் ஒட்டாமல் மூலையில் கிடக்கும் சிடுமூஞ்சி நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினான். "அவங்க போனா நானும் கெளம்பறேன்." காலை ஷிப்டுக்கு வந்தவர்கள் வாசலில் நின்று விஷயம் கேட்டார்கள். ஒருவரும் இருக்கைக்குப் போகவில்லை.

முதலாளி சிரித்தார். "ஆக, சீக்காளிங்களை அம்போன்னு விட்டுட்டுப் போறீங்க. அப்படித்தானே?"

 அக்கா நெட்டையின் பையை வாங்கி மேசைக்கடியில் வைத்தாள்.

"போகமாட்டோம். ஆஸ்பத்திரி எழுந்து நிக்கிறவரைக்கும் இங்கதான் இருப்போம், இவனும் இருப்பான். நடந்தது என்னன்னு கேட்டா உள்ளதை உள்ளபடி சொல்லுவோம். அப்புறம் யாரைத் தூக்கணுமோ தூக்குங்க, எல்லாரையும் சேத்து."

"வக்கீலைக் கூப்பிடறேன்."

"கூப்பிடுங்க சார்."

கண்ணாடிக் கதவை அறைந்து சாத்திக்கொண்டு அவர் உள்ளே போனார். மற்றவர்கள் வேலையைப் பங்கு பிரித்துக்கொண்டார்கள். சிடுமூஞ்சி, நெட்டையை நகர்த்திவிட்டு அவன் இடத்தில் தான் உட்கார்ந்தான். "போய் மொகத்தைக் கழுவிட்டு வாடா."

போன் அடித்தது. பெரிய டாக்டர். "எப்படி நடந்துச்சு? யாரு பொறுப்பு?"

அக்கா போனை ஸ்பீக்கரில் போட்டு மேசை நடுவே வைத்தாள். ஈர முகத்தோடு வந்த நெட்டைக்கு இடம்விட்டு எல்லாரும் நெருங்கி நின்றார்கள்.

"நாங்க எல்லாருமே இருக்கோம் டாக்டர். சொல்றோம், கேளுங்க."