நூற்றுத்தொண்ணூறு சதுர அடி

லக்கேஜ் தராசின் மேல், முதுகில் பாராசூட் மூட்டையும் தலையில் ஹெல்மெட்டுமாக ஏறி நின்றபோது லிஃப்ட் மெக்கானிக்குக்கு வந்த கோபத்தில் அந்தத் தகரக் கொட்டகையின் கூரை ஒரு சாண் எழும்பி இறங்கியிருக்கும். சுற்றிலும் பதினாறு பேர். பாராசூட் மடித்துக்கொண்டிருந்தவர்கள்கூட மண்டியிட்டபடியே கழுத்தை நீட்டினார்கள். ஏறச் சொன்னது அந்த மைதானத்தின் தலைமைப் பயிற்சியாளர். அவள் அவனுடைய மனைவியாகவும் இருந்து தொலைத்ததுதான் சங்கடம்.

விஷயம் இதுதான். அவனிடம் இருப்பது நூற்றுத்தொண்ணூறு சதுர அடிப் பாராசூட். கேட்பது நூற்றெழுபது. துணி சிறுத்தால் வேகம் கூடும், இழுத்த பக்கம் சட்டென்று திரும்பும், தப்பு செய்தால் மன்னிக்காது. மாறுவதற்கு ஒரு படிவம், படிவத்தின் அடியில் அவள் கையெழுத்து. இவனுக்கு இரண்டு வருஷம் கழித்து வந்த நெட்டை, நூற்றைம்பதில் பருந்து மாதிரி வட்டமடிக்கிறான். இவன் மட்டும் சர்க்கஸ் கூடாரத்தைத் தலைக்கு மேல் கட்டிக்கொண்டு ஆடி அசைந்து வரவேண்டும். ஆறு மாதமாகக் கேட்கிறான். வீட்டில் கேட்டால், "அது மைதானத்துப் பேச்சு." மைதானத்தில் கேட்டால், "வரிசையில வாங்க." பதினெட்டு வருஷமாக ஒரே போர்வைக்கு அடிபிடி போடுகிறவனுக்கு வரிசையாம்!

"நூத்திமூணு," என்று நெட்டை எண்ணைச் சத்தமாக வாசித்தான். கேட்காதவர்களுக்காக இன்னொரு தடவையும் வாசித்தான்.

அவள் படிவத்தைப் பார்த்தாள். "மூட்டையோட சேத்து தொண்ணூறு கிலோன்னு எழுதியிருக்கீங்க."

"ஆறு வருஷமா அதைத்தான் எழுதுறேன்."

"அதையேதான் நானும் சொல்றேன். ஆறு வருஷமா."

ஓரத்தில் கணக்குப் போட்டாள். ஆளின் எடையைத் துணியின் அளவால் வகுக்கும் கணக்கு. வருகிற எண் கூடக்கூட இறங்கும் வேகமும் கூடும். போட்டதைத் திருப்பிக் காட்டினாள்.

"தொண்ணூறு கிலோ ஆளு நூத்தியெழுபதுல என்ன வேகத்துல இறங்குவாரோ, அதைவிட ஒரு சொட்டு கூடுதலா நீங்க இந்தக் கூடாரத்துலயே இறங்கிட்டிருக்கீங்க. சின்னதுக்கு எப்பவோ மாறியாச்சு. சாப்பிட்டே மாறியாச்சு."

கொட்டகை சிரித்த சிரிப்பில் ஓடுபாதையில் நின்ற விமானம் தானாகக் கிளம்பியிருந்தாலும் ஆச்சரியமில்லை.

"ஆக்கிப் போட்டது யாருடி?" என்று கத்தினான்.

"வாரத்துல நாலு நாள் நீங்க."

"சரி விடு. நான் இறங்குறதுல என்ன குறை? சொல்லு. இத்தனை பேர் முன்னாடி சொல்லு!"

அவள் குரலைத் தாழ்த்தினாள். அதுதான் அவனை இன்னும் கொளுத்திவிட்டது. "கடைசி எட்டு தடவையும் பேண்ட்டு பின்னாடி புல்லுக் கறை. நின்னு இறங்குனீங்களா, உக்காந்து சறுக்குனீங்களான்னு துவைக்கிறவளுக்குத் தெரியாதா?"

தெரியும் என்பது அவனுக்குத் தெரியாது. ஈரப் புல், பழைய துணி, முட்டாள் காற்று என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் வைத்திருந்தான். தன் தொப்பை மட்டும் அந்தப் பட்டியலில் இல்லை. வார நாட்களில் அவளுக்கு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே அறை வேலை. ஞாயிற்றுக்கிழமை இறங்கியவர்களின் கணுக்காலைத் திங்கட்கிழமை படம் எடுப்பாள். அதைப்பற்றியோ கறையைப்பற்றியோ வீட்டில் ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். ஊமைக்கோட்டான் மாதிரி துவைத்துத் துவைத்துக் காயப்போட்டிருக்கிறாள்.

"பத்து தடவை," என்றாள். "இதே துணியில. காத்து இல்லாதப்பவும் நின்னு இறங்குங்க. கையெழுத்து போடுறேன்."

"முதல் தடவையை இப்பவே பாரு!"

"கோவத்தோட ஏறாதீங்க."

"கோவமா? யாருக்குக் கோவம்?" என்று அவன் கேட்டது பக்கத்து ஊருக்கே கேட்டிருக்கும்.

விமானத்தில் நெட்டை, "அண்ணே, நீங்க குதிச்சதும் விமானம் லேசாயி மேல போயிடப்போகுது," என்றான். லிஃப்ட் மெக்கானிக் முதல் ஆளாகக் குதித்தான். பாராசூட் படாரென்று விரிந்து அவனைத் தூக்கிப் பிடித்தது. கீழே கம்பத்தில், காற்றடிக்கும் திசையைக் காட்டும் துணிப்பை காயப்போட்ட காலுறை மாதிரி துவண்டு தொங்கியது. எதிர்க்காற்று இல்லை, வேகத்தைக் குறைக்க, பாராசூட்டின் பிடிகளை இழுக்கும் அவன் கைகளைத் தவிர வேறு எதுவும் இல்லை. நூற்றுமூன்று என்ற எண் முதல்முறையாக உள்ளங்காலில் உறைத்தது. புல்வெளி நடந்து வரவில்லை, ஓடி வந்தது.

புல்வெளியின் நடுவில் அவள் தனியாக நின்றாள். இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி, இல்லாத பிடிகளை இறுகப் பற்றியிருந்தாள். முதன்முதலாகக் குதிப்பவர்களுக்குக் காட்டும் சைகை அது: நான் கையை இறக்கும்போது நீயும் இறக்கு, பிடியைச் சீக்கிரம் இழுத்தால் பொத்தென்று விழுவாய், தாமதித்தால் மோதுவாய். இருநூற்றுப் பதினான்கு தடவை குதித்தவனுக்கு, ஊர் பார்க்க, எல்கேஜி பாடம்!

"கையை இறக்குடி!" என்று மேலிருந்து கத்தினான்.

அவள் இறக்கவில்லை. அவள் கைகளையே பார்த்தபடி அவனும் இறக்கவில்லை. அவன் நிழல் அவன் காலடிக்கு ஓடி வந்துகொண்டிருந்தது. அவன் இரண்டு கைகளும் மேலே, அவள் இரண்டு கைகளும் மேலே.