பதினோராம் கட்டின் கடைசி வரி

அற்புதராஜ் வேலை பார்த்த அலுவலகம் ஓர் ஈஸ்ட் துகளுக்குள் இருந்தது. அந்த ஈஸ்ட் ஒரு பேக்கரியின் மாவுக்குள் இருந்தது. டவுன் பஸ் வாசல் வரைக்கும் வரும்.

தொண்ணூறு நிமிடத்துக்கு ஒரு தடவை அலுவலகம் இரண்டாகப் பிரியும். சுவர் ஓரிடத்தில் புடைத்து, வளர்ந்து, இன்னோர் அறையாகும். ஆவணங்கள் பதினாறு கட்டு. ஒவ்வொரு கட்டுக்கும் ஓர் இரட்டை. இரண்டையும் ஒரு வளையம் சேர்த்துப் பிடித்திருக்கும். எங்காவது கிழிந்திருந்தால், இரட்டையைப் பார்த்து எழுதிச் சரிசெய்வது அற்புதராஜின் பொறுப்பு. அவர் 'முடிந்தது' என்று சொன்ன பிறகுதான் வளையத்தை வெட்டலாம். அதன்பின் இரட்டைகள் ஆளுக்கோர் அறைக்குப் போகும். ஆட்களும் இருவர் இருவராகி, அறைக்கு ஒருவராக, அங்கே இருக்கும் தாளில் உள்ளபடியே இருப்பார்கள், நடப்பார்கள். இதில் யாருக்கும் மனக்குறை இருந்ததில்லை.

அன்று ஆறு மணிக்கு அவர் மகளைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. ஐந்து மணி பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும்.

நாலரைக்குப் பதினோராம் கட்டு கிழிந்தது. கிழிந்தது அவருடைய நியமன உத்தரவு. குனிந்து பார்த்தார். இடது கைச் சுண்டுவிரலைக் காணோம்.

"அண்ணாச்சி, சும்மா ரெண்டு முனையையும் சேத்து ஒட்டிருங்க," என்றான், கட்டுகளை இரண்டு அறைக்கும் கயிறு கட்டி இழுக்கும் இசக்கியப்பன்.

"நடுவுல உள்ளது போயிரும்டே."

"போனா என்ன? யாரு படிக்கா?"

அற்புதராஜ் இரட்டையை விரித்து வைத்து முதல் வரியிலிருந்து எழுதினார். அதற்குள் மோதிரவிரலும் போயிருந்தது. பெயர், தகப்பனார் பெயர், பதவி. மூன்றாம் வரியில் மோதிரவிரல் திரும்பி வந்தது.

புது அறை ஊதிக்கொண்டே போனது. பதினாறு கட்டுகளும் இரண்டு பக்கமும் இழுபட்டு முறுகின.

"விரலு எல்லாம் வந்துட்டுல்லா?"

"வந்துட்டு. ஒரு வரி பாக்கி."

"என்ன வரி?"

"ஐந்து மணிக்கு வீட்டுக்குப் போகலாம்."

கயிறு அறுத்து இசக்கியப்பனின் உள்ளங்கையில் ரத்தம் கசிந்தது. "கயிறு நிக்க மாட்டேங்கு அண்ணாச்சி. பதினாறும் கிழிஞ்சிரும்."

அற்புதராஜ் பேனாவை மூடினார். முப்பத்தொரு வருஷத்தில் முடியாத ஒன்றை முடிந்ததாக அவர் சொன்னதில்லை.

"முடிந்தது," என்றார்.

வளையங்கள் அறுந்தன. தாள்கள் இரண்டு பக்கமும் பறந்தன. எது எங்கே போனது என்று தெரியவில்லை. நடுவில் சுவர் எழும்பியது.

மணி ஐந்து.

அற்புதராஜ் எழுந்திருக்கப் பார்த்தார். கால் அசையவில்லை. மேஜைமேல் கிடந்த உத்தரவில் கடைசி வரி இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் நாற்காலி நகர்ந்தது. ஆணியிலிருந்து குடையை எடுக்கும் சத்தம் கேட்டது.

"வாரேன் இசக்கி. வீட்ல விசேஷம்," என்றது அவருடைய குரல்.

"போய்ட்டு வாங்க அண்ணாச்சி. நல்ல இடமா அமையட்டும்."

இந்தப் பக்கத்து இசக்கியப்பன் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தான். வெளியே பஸ் நின்று கிளம்பியது.

"அண்ணாச்சி," என்றான் கொஞ்சம் கழித்து. "நாலாம் கட்டுல ஒரு கிழிசல்."

"கொண்டா," என்றார் அற்புதராஜ்.