பதினெட்டு வயசுக் கழுத்து

நான் பெசிக். வயசு இருபத்தொண்ணு. பிரான்சுல, துலூஸுக்குத் தெற்கே, கட்டட வேலையில இருக்கேன். கையெல்லாம் சிமெண்டு, அதனால பேசியே அனுப்புறேன். அப்பா, இதைச் சத்தமா போடுங்க, அத்தையும் கேக்கட்டும். அத்தை மகன் டோர்னிக்கே பத்தி ஏஜெண்ட் ரெவாஸ் சொன்னதெல்லாம் பொய். நடந்தது இதுதான்.

டோர்னிக்கேயை ஜார்ஜியாவுல பள்ளிக்கூட ரக்பி டீம்லேர்ந்து நேரா இங்க கிளப்புல கொண்டாந்து இறக்கினான் ரெவாஸ், சந்தையில கன்னுக்குட்டியை இறக்குற மாதிரி. பல்லைப் பிடிச்சுப் பாக்காததுதான் பாக்கி. ரெண்டு வருஷம் சின்னப் பசங்க டீம்ல பழகணும்னுதான் பேச்சு. ஆறாவது வாரமே பெரிய டீம்ல ரெண்டு பேருக்கு அடிபட்டுச்சு. கோச்சு இவனைத் தூக்கி, எதிராளியோட தலை கோத்து முட்டித் தள்ளுற முன்வரிசையில நிறுத்திட்டான்.

பயிற்சியில இவனுக்கு எதிர்ல அதே டீம் பாஸ்கால். முப்பத்தஞ்சு வயசு, ரெண்டு காதும் நசுங்கின ஆளு. தலையைக் கோத்துத் தள்ளப் போறப்ப நிமிந்துட்டாரு.

"எத்தனை வயசுடா உனக்கு?"

"பதினெட்டு."

"இவனோட நான் தள்ள மாட்டேன் கோச். இவன் கழுத்து இன்னும் பள்ளிக்கூடத்துலயே இருக்கு."

"ஜார்ஜியாக்காரனுக்கு ஏதுப்பா கழுத்து? தோள் முடிஞ்சா தலைதான்," அப்படின்னான் கோச்சு. எல்லாரும் சிரிச்சாங்க.

டோர்னிக்கே அப்பவாவது வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாம். நம்ம ஊர்க்காரன் முன்வரிசையிலேர்ந்து பின்வாங்குறதாவது? அரைகுறை பிரெஞ்சுல, "ஏன் பெருசு, முதுகு வலிக்குதா?"ன்னான். கோச்சு கை தட்டினான்.

சனிக்கிழமை மேட்ச். நாலாவது தள்ளுல எதிராளி இவனை மடக்கி இறக்க, மொத்தக் கூட்டமும் மேல விழுந்துச்சு. எழுந்தப்ப இடது கை மரத்துப் போச்சு. ரெவாஸுக்குத்தான் போன் போட்டான்.

"டாக்டர்கிட்ட சொன்னா அடுத்த ஆளைக் கூப்பிடுவாங்க. கம்முனு ஆடு."

இன்னும் மூணு மேட்ச் ஆடினான். கிளப்புக்காரனுங்க படத்தைப் போட்டு 'எங்க குட்டிச் சிங்கம்'னு எழுதினானுங்க. அந்தச் சிங்கத்துக்குச் சட்டைப் பட்டன் போட்டுவிட்டது நான்.

கடைசில டாக்டர் கழுத்தைப் படம் எடுத்துப் பாத்துட்டு, இனி ஆடவே கூடாதுன்னுட்டாரு. ரெவாஸ் அத்தைகிட்ட 'பையன் ஓய்வுல இருக்கான்'னு சொல்லிட்டு, டோர்னிக்கே கூப்பிட்டா போனை எடுக்குறதையே விட்டுட்டான்.

"ரெவாஸ் அண்ணன் பிஸியா இருப்பாரு," ங்கறான் டோர்னிக்கே.

"ஆமாடா. அடுத்தவனைத் தேடுறதுல பிஸி."

அந்த அடுத்தவன் நம்ம பக்கார், என் தம்பி. ஞாயித்துக்கிழமை நம்ம வீட்டுக்கு வரானாம் ரெவாஸ். விருந்தாளின்னா நீங்க கதவைச் சாத்த மாட்டீங்க, தெரியும். சித்தப்பா கோப்பையைத் தூக்கி வாழ்த்து பேசுவாரு. போன தடவை மூணாவது கோப்பைக்கு அப்புறம்தான் மாமா டோர்னிக்கேயோட காகிதத்துல கையெழுத்து போட்டாரு.

சோறு போடுங்க, ஒயின் ஊத்துங்க. அவன் நீட்டுற காகிதத்துல மட்டும் கையெழுத்து போடாதீங்க அப்பா. தம்பி பள்ளிக்கூடம் முடிக்கட்டும்.