மூன்றாவது கட்டத்தில் உறைந்த விண்கலம்

அக்காவுக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கும். அன்று காலை அவள் பேசியது பாதி என் காதில் விழவே இல்லை. புது விளையாட்டின் அட்டைப்பெட்டியைச் சாப்பாட்டு மேசையில் வைத்துப் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். அதில் அவள் படம். அலுவலக அடையாள அட்டைக்கு என்று சொல்லி முதலாளி எடுக்க வைத்த படம். கீழே கொட்டை எழுத்தில், ‘விண்வெளிப் போரை உங்கள் வீட்டுக்கே கொண்டுவந்த பெண் நிபுணர்.’

அந்த விளையாட்டைத் தெரியாதவர்கள் அப்போது கிடையாது. சினிமா தியேட்டர் வாசல்களில் ஆள் உயரத்துக்கு இயந்திரம் நிற்கும். மேலிருந்து எதிரிக் கப்பல்கள் வரிசை வரிசையாக இறங்கும்; கீழே நம் விண்கலம் ஒற்றையாய் நின்று சுட வேண்டும். கப்பல்கள் குறையக் குறைய மிச்சமிருப்பவை வேகமெடுக்கும். கடைசிக் கப்பல் பேய் பிடித்த மாதிரி ஓடும்.

அதை டிவியோடு இணைக்கும் சின்னப் பெட்டிக்கு மாற்றி எழுதுவது அக்காவின் வேலை. பெட்டியின் நினைவகம் சுண்டுவிரல் நகமளவு. எல்லாக் கப்பலையும் ஒரே நேரத்தில் அதனால் காட்ட முடியாது. ஒன்றை மறைத்து ஒன்றைக் காட்டி, கண் ஏமாறும் வேகத்தில் மினுக்கவிட்டு, எப்படியோ சமாளித்துவிட்டாள். மூன்றாவது கட்டம் மட்டும் அவளைப் படாத பாடு படுத்தியது. அங்கே போனதும் திரை அப்படியே உறைந்துவிடும். இன்னும் இரண்டு மாதம் கேட்டாள். பள்ளி விடுமுறைக்குள் சரக்கு கடையில் இருக்க வேண்டும் என்றார் முதலாளி.

“மூணாவது கட்டம் வரைக்கும் எவன்மா விளையாடப் போறான்?”

அவள் ஜுரத்தில் படுத்த வாரம், அரைகுறையாகக் கிடந்ததை எடுத்து ஆலைக்கு அனுப்பிவிட்டார். வாங்கியவர்கள் திட்டித் தீர்த்தார்கள். ஒரு பத்திரிகை, பெண்களை இந்த வேலைக்கு விட்டால் இதுதான் கதி என்று எழுதியது. அதைப் படித்த பிறகுதான் அவள் செருப்பை மாட்டினாள்.

“வாடி, கடைக்குப் போலாம்.”

கடைவீதியிலேயே பெரிய கடை அது. நடுவில் ஒரு டிவியை வைத்து, வருகிறவர்கள் விளையாடிப் பார்க்க விட்டிருந்தார்கள். அக்கா வரிசையில் நின்றாள். முறை வந்ததும் முதல் இரண்டு கட்டங்களை ஊதித் தள்ளினாள். பின்னால் கூட்டம் சேர்ந்துவிட்டது. மூன்றாவது கட்டம் வந்தது. விண்கலம் உறைந்தது, குண்டு பாதி வழியில் நின்றது, சத்தம் மட்டும் ஊளையிட்டுக்கொண்டிருந்தது. அக்கா திரும்பி, ஓர் அட்டைப்பெட்டியை எடுத்து அதிலிருந்த படத்தைத் தன் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்தாள்.

“இதை எழுதினது நான்தான். இன்னும் முடிக்கல. யாரும் வாங்காதீங்க.”

ஒரு பெண் கையிலிருந்த பெட்டியை அலமாரியில் திரும்ப வைத்தாள். கடைக்காரர் பதறிப்போய்த் தொலைபேசியை எடுத்தார். முதலாளியின் அலுவலகம் அடுத்த தெருவில்தான்; மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். கூட்டத்தைப் பார்த்ததும் முகத்தில் சிரிப்பை ஒட்டிக்கொண்டார். பொண்ணுக்கு வேலைப் பளு, கொஞ்ச நாளாக மனசு சரியில்லை, நீங்கள் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னார்.

அவரை அடித்துவிடுவேனோ என்று என் கைகளை நானே கட்டிக்கொண்டேன். அக்கா விளையாட்டை அணைத்து மறுபடி போட்டு, விண்கலத்தை ஓட்டும் கைப்பிடியை அவரிடம் நீட்டினாள்.

“நீங்க விளையாடிக் காட்டுங்க சார். நல்லா இருக்குன்னா எல்லாரும் வாங்கட்டும்.”

தட்ட முடியவில்லை, வாங்கினார். கைப்பிடியைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். முதல் வரிசைக் கப்பல்கள் பாதி தூரம் இறங்குவதற்குள் அவருக்குக் கிடைத்த மூன்று விண்கலமும் ஒன்றன்பின் ஒன்றாகக் காலி. யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பிறகு எல்லோரும்.

அன்று மாலையே அக்காவுக்கு வேலை போனது. சரக்கு என்னவோ மற்ற ஊர்களில் விற்றுக்கொண்டுதான் இருந்தது. அவள் முகம் எத்தனையோ வீட்டு அலமாரிகளில் ஏறி உட்கார்ந்தது. வேலை தேடிப் போன இடங்களில் அந்தப் படத்தை வைத்தே அவளை அடையாளம் கண்டுகொண்டு வெளியே அனுப்பினார்கள். ராத்திரி பகல் பார்க்காமல் வீட்டிலேயே உட்கார்ந்து அந்தக் கட்டத்தைச் சரிசெய்து முடித்தாள்.

மறு வருஷம் முதலாளி பழக்கூடையோடு வீட்டுக்கு வந்தார். திருத்திய பதிப்பு போடப் போகிறாராம். வேறு ஆட்களை வைத்துப் பார்த்தாராம், தேறவில்லையாம். அட்டையில் அவள் படத்தை இன்னும் பெரிதாகப் போடுவதாகச் சொன்னார்.

“பழசு எல்லாத்தையும் கடையிலிருந்து எடுங்க. தப்பு உங்களுதுன்னு அதே பத்திரிகைல போடுங்க. அப்புறம் தர்றேன்.”

“அது எப்படிம்மா முடியும்?”

“அப்ப இதுவும் முடியாது.”

அவர் என்னைப் பார்த்து, நீயாவது அக்காவுக்கு எடுத்துச் சொல்லேன் என்றார். நான் கூடையைத் தூக்கிப் போய் அவருடைய கார் மேல் வைத்துவிட்டு வந்தேன்.

இப்போது அவள் லிஃப்ட் செய்யும் கம்பெனியில், லிஃப்டை இயக்கும் புரோகிராம் எழுதுகிறாள். போன மாதம் அங்கேயும் ஒருவர் அவசரப்படுத்தியிருக்கிறார். முடியாது என்றாளாம். காத்திருந்தார்களாம். அதைச் சொல்லும்போதும் அவள் குரல் இறங்கித்தான் இருந்தது.