பாட்டனுக்குக் கோடி போட்ட வீடு

1956ஆம் வருஷம், பாஸ்கு என்னும் ஈஸ்டர் கழிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை. ஆவூரில் மரியசூசையின் வீட்டுக் கூடத்தில் அன்று இருந்தவர்கள் ஐந்து பேர்: மரியசூசை, அவர் மனைவி அருளம்மாள், மகள் சந்தனமேரி, பெண் கேட்டு வந்த ஆரோக்கியமுத்து, அவர் மகன் ஞானமணி. ஞானமணி கீரனூரில் வாத்தியார். தானும் அங்கே இருந்ததாக வேறு யார் சொன்னாலும் நம்ப வேண்டியதில்லை.

மரியசூசை நிமிர்ந்து உட்கார்ந்தார். "ரெண்டு வீடும் பங்காளி. அண்ணன் தம்பிக்குள்ள பொண்ணு குடுத்தா ஊரு காறித் துப்பாதா?"

"எப்படிப் பங்காளி, மாமா?" என்றான் ஞானமணி.

"மாமாவா? பெரியப்பான்னு சொல்லுடா! எங்க பாட்டனாரும் ஒங்க அப்பனோட பாட்டனாரும் கூடப்பொறந்தவுக."

"சரிங்க. அவுகளைப் பெத்தவரு பேரு?"

வம்சம் வம்சம் என்று மார்தட்டிய மரியசூசைக்குப் பூட்டன் பெயர் தெரியவில்லை. சந்தனமேரி தலையைக் குனிந்துகொண்டாள், சிரிப்பை மறைக்க.

"பேரோட வாரேன்" என்றார் மரியசூசை. "பங்காளிதான்னு நிரூபிச்சுட்டுத்தான் மறுபேச்சு."

மறுநாளே பஸ் ஏறினார். ஒரு சொந்தக்கார வீட்டில் கேட்டால் அவர்கள் இன்னொரு வீட்டைக் காட்டினார்கள். ஒரு பெயருக்குப் பின்னால் இன்னொரு பெயர் நின்றது. பூட்டன் பெயர் ராயப்பன். உப்பு வாங்கக் கோட்டைப்பட்டினம் போனவர், கடலைப் பார்த்த வியப்பில் உப்பை மறந்து வெறும் வண்டியோடு திரும்பியவராம். இதைக் கேட்ட அன்று மரியசூசை தனியாக நடந்துபோகும்போது சிரித்துக்கொண்டே போனார். பெயர் கிடைத்த பிறகும் தேடுவதை நிறுத்த மனசில்லை. வீட்டுக்கு வந்தாலும் அதே பேச்சு.

"செத்தவுகளோடயே குடித்தனம் நடத்துறீக" என்றாள் அருளம்மாள். "உசுரோட இருக்கவளுக்கு வெத்தலை வாங்கியாந்தீகளா?"

கடைசியில் ஆலங்குடி முந்திரிக் கொல்லையில் ஜெபமாலை அத்தையைப் பிடித்தார். அவருடைய அப்பாவுக்குச் சின்னம்மா மகள், தங்கை முறை. எண்பது வயது, குரல் மட்டும் குறையவில்லை.

"பங்காளியா? எவன்டா சொன்னது? ராயப்பனுக்கு ஒத்தை மகன், ஒன் பாட்டன் மட்டுந்தான். ஆரோக்கியமுத்துவோட பாட்டன் ஒங்க அப்பத்தாவோட, அதான் ஒன் பாட்டன் பொஞ்சாதியோட, கூடப்பொறந்தவன். தங்கச்சி வீட்டோட வந்து தங்கி, ஒண்ணா வெள்ளாமை பண்ணி, ஒரே சட்டியில தின்னாக. பார்த்த சனம் அண்ணன் தம்பின்னுருச்சு. ஒன் பாட்டன் செத்தப்ப கோடி கொண்டாந்து போட்டதே அவுகதான். நான் நின்னு பாத்தேன்!"

சாவுக்குக் கோடித்துணி கொண்டுவருவது மாமன் மச்சான் முறைக்காரன். பங்காளி கொண்டுவர மாட்டான்; அவனே சாவு வீட்டுக்காரன்.

ஒரு வாயை நம்பி அவர் முறையை மாற்றவில்லை. இன்னும் இரண்டு ஊரில் விசாரித்தார். இரண்டு இடத்திலும் அதே கோடிக் கதைதான்.

ஊர் திரும்பியதும் நேரே ஆரோக்கியமுத்துவின் வாசலில் போய் நின்று சத்தமாகக் கூப்பிட்டார்: "மச்சான்!"

ஆரோக்கியமுத்து ஓடிவந்து கட்டிக்கொண்டார். "இத்தனை வருசமா அண்ணேன்னு கூப்பிட்டு மரியாதை குடுத்துட்டேனே, இனிமே வச்சுக்கிறேன் ஒன்னை!"

மூன்று ஞாயிறு கோயிலில் கல்யாண அறிவிப்பான ஓலையை வாசித்தார்கள். தடை சொல்ல ஆளில்லை. கல்யாணப் பந்தியில் மரியசூசை ஒவ்வொரு இலைக்கும் முன்னால் நின்று, "ஒங்க பூட்டன் பேரு என்ன?" என்று கேட்டு, சாப்பிட வந்தவர்களைச் சாப்பிட விடவில்லை.

மகள் அழுததைப் பார்த்து மனமிளகி மரியசூசை வம்சத்தை வளைத்துவிட்டார் என்று ஆவூரில் சிலர் சொல்கிறார்கள். பொய். சந்தனமேரி அழவே இல்லை. வம்சத்தை அவர் வளைக்கவும் இல்லை.