முதலில் வரும் நீலம்

சேற்றிலும் மணலிலும் சைக்கிளை ஓட்டியும் சுமந்தும் போகிற கிராஸ் பந்தயத்தில் ஒருத்தனை அடிக்க முஷ்டியே தேவையில்லை. முழங்கை போதும், தோள் போதும். வளைவில் அரை அடி அணைத்து ஓட்டினாலே பக்கத்தில் வருகிறவன் கம்பத்தில் போய் மோதுவான். நடுவர் கேட்டால், சேறு வழுக்கிவிட்டது என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம். பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பக்கம் பிறந்த பிள்ளைக்கு இதை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

மூன்று வாரத்துக்கு முன்னால் தேசியப் போட்டியில் லாண்டர் அப்படித்தான் யோரிஸைத் தள்ளினான். தள்ளியதோடு விட்டானா? விழுந்தவன் கையை மிதித்துவிட்டு, சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினான். யோரிஸின் சுண்டுவிரல் ஒடிந்தது. கோப்பையும் போனது. அதை டிவியில் பார்த்துக்கொண்டிருந்த யோரிஸின் அண்ணன் வார்ட், கையிலிருந்த பீர் கிளாஸைச் சுவரில் வீசி அடித்தான். வார்ட் பன்றி வெட்டும் கூடத்தில் வேலை பார்க்கிறவன். அவன் கை யோரிஸின் தொடைப் பருமன் இருக்கும்.

இன்றைக்கு உலகப் போட்டி. வருஷம் முழுக்க லாண்டர் ஒரு கம்பெனியின் சிவப்பு ஜெர்சியிலும் யோரிஸ் இன்னொன்றின் மஞ்சளிலும் ஒருத்தரை ஒருத்தர் கடித்துக் குதறுவார்கள். இந்த ஒரு நாள் மட்டும் இரண்டு பேரும் பெல்ஜியத்தின் வெளிர்நீல ஜெர்சியை மாட்டிக்கொண்டு, ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி நிற்க வேண்டும். ஜெயித்தவனுக்கு வானவில் ஜெர்சி. யோரிஸ் மூன்று தடவை இரண்டாவதாக வந்தவன், மூன்று தடவையும் லாண்டருக்குப் பின்னால். வயசு முப்பத்து மூன்று. இதை விட்டால் அடுத்த வருஷம் கால் இருக்காது. அது அவனுக்கே தெரியும்.

காலையிலேயே வார்ட் ஜெனீவர் சாராயப் பாட்டிலோடு யோரிஸின் வேனுக்குள் ஏறி வந்துவிட்டான்.

"காட்டு இறக்கத்துக்குக் கீழ, அந்த வளைவுல நிக்கறேன். அங்க போலீசும் கிடையாது, கேமராவும் கிடையாது. கடைசிச் சுத்துல அந்த நாய் வரட்டும், பல்லைக் கழட்டிக் கையில குடுக்கறேன்."

"சும்மா இருண்ணே. காலாலயே அவன முடிச்சுடறேன்."

"நீ முடிச்சுக் கிழிச்சதைத்தான் மூணு தடவ பார்த்தாச்சே! முதல்ல வர்றவன் அவன், ரெண்டாவதா வர்றவன் நீ. கண்ண மூடிக்கிட்டே சொல்லுவேன்."

யோரிஸ் சிரித்துவிட்டான். வேண்டாம் என்று ஒரு தடவை சொன்னதோடு சரி. இன்னொரு தடவை சொல்ல அவனுக்கு மனசு வரவில்லை. ஏன் வரவேண்டும்? ஒடிந்த விரல் அவனுடையதுதானே!

விளக்கு பச்சையானதும் நாற்பது பேர் ஒரே சேற்றில் பாய்ந்தார்கள். முதல் வளைவிலேயே ஒரு இத்தாலியன் மூக்கு உடைந்து உட்கார்ந்துவிட்டான். இரண்டாம் சுற்றில் லாண்டர் முன்னால் போனான், யோரிஸ் அவன் பின்சக்கரத்தில் ஒட்டிக்கொண்டான். மற்றவர்கள் யாரும் கண்ணுக்கு எட்டவில்லை. மணல்குழியில் யோரிஸ் பக்கத்தில் ஏறி வந்தபோது லாண்டரின் முழங்கை வாயில் இறங்கியது. உதடு கிழிந்தது. அடுத்த வளைவில் யோரிஸ் இடுப்பால் ஒரு இடி கொடுத்தான், லாண்டர் பலகைத் தடுப்பில் உரசித் தோல் வழன்று திரும்பி வந்தான். லாண்டரின் ரசிகர் கூட்டத்திலிருந்து யாரோ ஒருத்தன் கிளாஸில் இருந்ததை யோரிஸின் முகத்தில் வீசினான். பீர் என்றுதான் யோரிஸ் நினைத்தான். சூடாக இருந்தது. சீ!

மழை வேறு பிடித்துக்கொண்டது. அரைச் சுற்றுக்கு ஒரு தடவை, உதவியாட்கள் மாற்றுச் சைக்கிளோடு நிற்கும் பிட்டில் சைக்கிளை மாற்றினார்கள். கழுவி வைத்த சைக்கிள் நூறு கஜம் போவதற்குள் மறுபடி மண்ணாங்கட்டி ஆனது. முகம், நம்பர், ஹெல்மெட் எல்லாவற்றையும் சேறு தின்றுவிட்டது. மிஞ்சியது இடுப்போரம் கொஞ்சம் நீலம், இரண்டு பேரிடமும் அதே நீலம்.

கடைசிக்கு முந்தின சுற்றில் காட்டு இறக்கத்தின் கீழே வார்ட் பாதையோரத் தடுப்புக் கயிற்றின் மேல் பாதி உடம்பைத் தொங்கப்போட்டு நின்றான். லாண்டர் தாண்டிப் போனதும் இரண்டாவது ஆளைப் பார்த்துக் கத்தினான்:

"தம்பி! அடுத்த சுத்துல போட்டுடறேன்! நீ அவன் பின்னாலயே வா, அது போதும்!"

கடைசிச் சுற்றுக்கு மணி அடித்தது. பின்னாலேயே வந்திருந்தால் கதை வேறு. வந்திருப்பான்தான். ஆனால் மரப்படிக்கட்டில் இரண்டு பேரும் சைக்கிளைச் சுமந்துகொண்டு ஏறும்போது, லாண்டருக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"என்ன யோரிஸ், விரலு நோவுதா? மெதுவா வாப்பா. ரெண்டாவது இடம் உனக்குப் பழகினதுதானே!"

யோரிஸுக்குக் கண்ணில் ரத்தம் ஏறியது. இரண்டு படியை ஒரே எட்டில் தாண்டி, தோளில் கிடந்த சைக்கிளோடு சேர்த்து அவனைக் கைப்பிடிக் கம்பத்தில் வைத்து அறைந்தான். சக்கரம் லாண்டரின் முகத்தைச் சிராய்த்தது, தலை கட்டையில் ணங்கென்று மோதியது. லாண்டர் முழங்காலிட்டு வாந்தி எடுத்தான். யோரிஸ் அவன் தோளை மிதித்தே மேலே ஏறினான். எத்தனை வருஷத்து வஞ்சம்! சைக்கிளில் தாவி உட்கார்ந்தபோது, முன்னால் ஒரு முதுகும் இல்லை. வெறும் பாதை. அவனுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

காட்டுக்குள் நுழைந்த பிறகுதான் உறைத்தது. கீழே வார்ட் நிற்கிறான். முதலில் வரும் நீலத்துக்காக நிற்கிறான்.

பின்னால் லாண்டரின் இளைப்பு கேட்டது. செத்தும் சாகாத ஜென்மம், எழுந்து வந்துவிட்டான். யோரிஸின் விரல்கள் பிரேக்குக்குப் போயின. ஒரு நொடி அழுத்தினால் போதும். லாண்டர் முன்னால் போவான், வார்டின் கையில் சிக்குவான், வானவில் யோரிஸுக்கு. ஆனால் அந்த முதுகை மறுபடி பார்க்க வேண்டுமே! இவ்வளவு நாள் பார்த்தது போதாதா? அதோடு, வார்ட் என்ன அந்நியனா? பதினைந்து வருஷம் ஒரே கட்டிலில் படுத்தவன். கூடப்பிறந்தவனுக்குத் தம்பியைத் தெரியாமலா போகும்? யோரிஸ் பிரேக்கிலிருந்து விரலை எடுத்தான்.

"அண்ணே! நான்தாண்ணே!"

வாயெல்லாம் சேறும் ரத்தமும். சுற்றிலும் மாட்டுமணி ஆட்டிக்கொண்டு ஊரே கத்தியது. வார்ட் கயிற்றைத் தாண்டிக் குதிப்பது தெரிந்தது, அவன் கண் நேராகத் தன்மேல் இருப்பதும் தெரிந்தது. அடுத்த கணம் அந்த முஷ்டி தொண்டையில் விழுந்தது.

சைக்கிள் ஒரு பக்கம் போனது, அவன் ஒரு பக்கம் போனான். தோள்பட்டை எலும்பு முறிந்த சத்தம் காதுக்கே கேட்டது. எழ முயன்றவனை வார்டின் பூட்ஸ் விலாவில் உதைத்து மல்லாத்தியது.

"இது என் தம்பி விரலுக்குடா, நாயே! இன்னொண்ணு வாங்கிக்க!"

யோரிஸ் வாயைத் திறந்தான். உடைந்த தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது. அவன் அண்ணனின் காலைப் பிடித்துக்கொண்டான். வார்ட் அதை உதறிவிட்டு, அவன் மார்பில் பூட்ஸை வைத்து அழுத்திக்கொண்டு நின்றான்.

அவர்களைத் தாண்டிச் சேற்று உருவம் ஒன்று தள்ளாடியபடி போனது. இடுப்போரம் கொஞ்சம் நீலம். வார்ட் இரண்டு கையையும் வானத்துக்குத் தூக்கினான். அவன் கன்னத்தில் கண்ணீர் தாரை தாரையாக வழிந்தது.

"போடா என் தங்கமே! போடா யோரிஸ்! இந்தத் தடவ நீதாண்டா!"