அம்பு வைக்காத வில்

கூபியோ நகரச் சதுக்கத்தில் மறுநாள் குறுக்குவில் போட்டி. ஊர் அணியில் இந்த முறை ஓர்னெல்லாவுக்கு இடம் கிடைத்திருந்தது. அவள் கணவன் வான்னிக்குக் கிடைக்கவில்லை.

மாலையில் பட்டறையிலிருந்து படீரென்று சத்தம் வந்தது. ஓர்னெல்லா ஓடினாள். அவளுடைய வில்லின் எஃகு வளைவு பிளந்து, நாண் அறுந்து தொங்கியது. சொந்த வில் இல்லாமல் போட்டியில் இறங்க முடியாது.

"நாண் சரியா இருக்கான்னு பாத்தேன் செல்லம். அம்பு வைக்க மறந்துட்டேன்," என்றான் வான்னி.

அம்பில்லாமல் விசையைத் தட்டினால், அம்பைத் தள்ள வேண்டிய வேகமெல்லாம் வில்லையே உடைத்துவிடும். இளமையிலிருந்தே எய்கிறவன் அதை மறப்பானா? எத்தனை முறை கெஞ்சியும் அவன் போடாத பாதுகாப்புக் கண்ணாடியும் தடித்த கையுறையும் இன்று அவன்மேல் இருந்தன.

"எனக்குப் பதிலா நாளைக்கு யாரு?"

"கூப்பிட்டா... நான்தான் போகணும்."

"நல்லாத்தான் யோசிச்சிருக்க. போய் எய்யி. கூட்டத்தோட நின்னு நானும் கைதட்டறேன்," என்றாள் அவள். "வீட்டுக்கு மட்டும் நீ தனியா திரும்பிக்கோ."

அவன் கண்ணாடியைக் கழற்றினான். அவள் அவன் முகத்தைப் பார்க்காமலே மாடியேறி, பெட்டியை இறக்கினாள்.